அம்மா ரோட்டைக் கடக்க 20 விநாடி ஆகிறது, சிக்னல் தருவது 12. என்ன செய்யலாம்?

கன்னங்குறிச்சி மகன்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு நாலு முக்கு ரோடு பற்றிக் கேட்கிறேன். நெடுஞ்சாலை வேலை, டிராஃபிக் வேலை தெரிந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கு 68 வயது. காலை ஆறரைக்கெல்லாம் உழவர் சந்தைக்குப் போய்விடுவார். வீட்டுக்கே கீரை வருகிறதே என்று சொன்னால், கையில் எடுத்துப் பார்த்து வாங்காதது காயா என்பார். மூன்று வாரத்துக்கு முன் சந்தையிலிருந்து திரும்பும்போது பச்சை விழுந்த பிறகுதான் இறங்கியிருக்கிறார். பாதி ரோடு தாண்டியதுமே சிவப்பு. அந்த நேரம் ஃப்ரீ லெஃப்டில் (சிக்னலுக்கு நிற்காமல் இடதுபக்கம் திரும்பும் வழி) திரும்பிய ஒரு டூவீலர் கூடையைத் தட்ட, அம்மா கையை ஊன்றி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஓட்டி வந்த பையனே இறங்கித் தூக்கிவிட்டு, சிதறிய கத்திரிக்காயையும் பொறுக்கிக் கொடுத்தானாம். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடம் அப்படி இருக்கிறது.

மறு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் போனும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் 7 மீட்டர், நடுவில் சென்டர் மீடியன் என்கிற தடுப்புச் சுவர், அந்தப் பக்கம் இன்னொரு 7 மீட்டர். நடப்பவர்களுக்குப் பச்சை எரிவது 12 விநாடி. வீட்டு வாசல் தெருவில் 14 மீட்டர் அளந்து சாக்பீஸில் கோடு போட்டு, அம்மாவை அவர் போக்கில் நடக்கச் சொன்னேன். 20 விநாடி ஆனது. இரண்டாம் தடவையும் அதே 20. கட்டுப் போட்ட கையோடு நடந்துவிட்டு, "இன்னும் வேகமாப் போகணுமாடா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொன்று. நடப்பவர்கள் கடக்கப் போட்டிருக்கும் வரிக்கோடு நேராகப் போய் மீடியன் சுவரில் முட்டி நிற்கிறது. மேலே அரளிச் செடி. ஆள் புகும் இடைவெளி ஆறடி தள்ளித்தான் இருக்கிறது. அதனால் அத்தனை பேரும் கோட்டை விட்டு விலகி, வண்டி வரும் தடத்திலேயே சாய்வாக நடக்கிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், "அம்மாவைப் பார்த்துப் போகச் சொல்லுங்க சார்" என்றார். பார்த்துத்தான் போனார். இதற்கு மேல் எங்கே, என்னவென்று கேட்பது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

தம்பி, அம்மாவுக்குக் கை சீக்கிரம் சரியாகட்டும். நீங்கள் அளந்ததுதான் பெரிய வேலை. மனுவில் "ஆபத்தாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் அது ஃபைலில் தூங்கும். 14 மீட்டர், 12 விநாடி, 20 விநாடி என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

12 விநாடி எங்கிருந்து வந்தது தெரியுமா? சிக்னலுக்குக் கணக்குப் போடும்போது ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 12-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 14.4 மீட்டர். உங்கள் ரோட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆக, போட்டவர் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கைவீசி நடக்கும் ஆளை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார். உங்கள் அம்மாவின் நடை விநாடிக்கு 0.7 மீட்டர். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இருக்கிற சிக்னலை இந்த நடைக்குத்தான் வைக்க வேண்டும். நானும் இந்த வேலையில் இருந்தவன். அன்றைக்கு இதை யோசிக்காமல் விட்டோமே என்று இப்போது உறுத்துகிறது.

20 விநாடி கேளுங்கள். வண்டிகள் தேங்கும் என்று மறுப்பார்கள். அப்போது மீடியனைப் பிடியுங்கள். வரிக்கோடு முட்டுகிற இடத்திலேயே மீடியனை வெட்டி, ரோடு மட்டத்துக்கு இறக்கி, இரண்டு ஓரமும் கட்டையை விட்டுவைத்தால் நடுவில் பத்திரமாக நிற்க ஓர் இடம் கிடைக்கும். அகலம் 1.2 மீட்டராவது வேண்டும், கூடையோடு நிற்பவருக்கு இன்னும் கூடுதலாக. பாதி ரோடு 7 மீட்டர், அம்மாவுக்கு 10 விநாடி. 12 விநாடிக்குள் அடங்கிவிடும். மீதிப் பாதி அடுத்த பச்சையில். அரளியை மட்டும் அந்த இடத்தில் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். குள்ளமானவர்களும் பிள்ளைகளும் அதன் பின்னால் நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியவே மாட்டார்கள்.

ஃப்ரீ லெஃப்ட் முக்கு எவ்வளவு வளைவாக இருக்கிறது என்று பாருங்கள். அகலமாக வளைத்துவிட்டிருந்தால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும். பிளாட்பாரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து முக்கைக் குறுக்கினால் எல்லாரும் பிரேக்கில் கால் வைத்துத்தான் திரும்ப வேண்டும். அப்புறம், வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு நாலைந்து விநாடி முன்னாலேயே நடப்பவர்களுக்கு விட்டுவிடலாம். அவர்கள் ரோட்டுக்குள் வந்துவிட்டால் திரும்புகிறவர் கண்ணில் படுவார்கள். இதற்குச் சிமெண்டும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம், சிக்னல் பெட்டியில் நேரத்தை மாற்றினால் போதும்.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 என்ற வழிகாட்டி நடப்பவர்களுக்கானது. மனுவில் அதன் பேரைக் குறிப்பிடுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் சேருங்கள். சாலை வடிவமைப்பில் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மிரட்ட வேண்டாம், சும்மா ஒரு வரி போதும். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவை அந்தக் குழுவுக்கு என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

டவுன் பஸ் டிரைவர்:

அண்ணா, அந்த முக்கில் ஒரு நாளைக்கு எட்டு நடை போகிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி நிற்கும் ஆள் தெரிய மாட்டார். வண்டிகள் நிற்க வேண்டிய ஸ்டாப் லைன் வரிக்கோட்டை ஒட்டிப் போட்டிருக்கிறது. அதில் பாதி அழிந்துவிட்டது. ஸ்டாப் லைனை நாலைந்து மீட்டர் பின்னால் தள்ளிப் போட்டால் நடக்கிறவர்கள் எல்லோரும் முழுசாகத் தெரிவார்கள்.

பஸ் ஸ்டாப்பும் சிக்னலுக்கு முன்னால் இருக்கிறது. நின்றிருக்கிற பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஜனங்கள் கடக்கிறார்கள். பின்னால் வரும் டூவீலர்காரருக்கு அவர்கள் திடீரென்று முளைத்த மாதிரி. ஸ்டாப்பை முக்கு தாண்டி வைத்தால், இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள். இதை மனுவில் கட்டாயம் சேருங்கள்.

வேகம் பற்றியும் ஒன்று. 30-இல் வரும் கார், டிரைவர் பார்த்துப் பிரேக் அடித்து நிற்க சுமார் 13 மீட்டர் ஆகும். 50-இல் வந்தால் சுமார் 28 மீட்டர். எங்கள் பஸ்ஸுக்கு இன்னும் கூட. காலை நேரம் ரோடு காலியாக இருக்கிறது என்று மிதிப்பவர்கள்தான் அதிகம், சந்தைக்கு வருபவர்களும் அந்த நேரம்தானே.

முக்கு டீக்கடை:

அந்தக் கார்னரில் கடை வைத்திருப்பவன் நான். அம்மா விழுந்த அன்று தண்ணீர் கொடுத்தது என் கடைப் பையன்தான். பிளாட்பாரத்தில் எங்கள் பெஞ்சும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நேற்று உள்ளே எடுத்துவிட்டோம். ஆனால் பூக்காரம்மா, தட்டுவடை செட் வண்டி எல்லோரையும் விரட்டுவதாக மனுவை எழுதிவிடாதீர்கள். 2014 சட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்லியிருக்கிறது. முக்கிலிருந்து பத்தடி தள்ளி வரிசையாக இடம் குறித்துக் கொடுத்தால் அவர்களே நகர்ந்துவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த முக்கில் வெளிச்சம் இருப்பதே அந்த வண்டிகளின் பல்பால்தான். வரிக்கோட்டுக்கு நேர் மேலே ஒரு விளக்கும் கேளுங்கள்.

கன்னங்குறிச்சி மகன்:

ஓவர்சியர் ஐயா, டிரைவர் தம்பி, டீக்கடை அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி போனேன். முக்கின் வளைவையும் அளந்து குறித்துக்கொண்டேன். சந்தையிலிருந்து வந்த ஒன்பது பெரியவர்களின் நடையையும், அவர்களிடம் சொல்லிவிட்டு, போனில் நேரம் பார்த்தேன். அந்த 12 விநாடிக்குள் இரண்டு பேர்தான் கரையேறினார்கள். ஒரு பாட்டி மீடியன் சுவரைப் பிடித்துக்கொண்டு புடவையைத் தூக்கி ஏறியதைப் பார்க்கவே முடியவில்லை.

மனுவில் நாலு கோரிக்கை வைத்திருக்கிறேன்: மீடியனை வெட்டி நிற்க இடம், பச்சையை முன்கூட்டி விடுவது, ஸ்டாப் லைனையும் பஸ் ஸ்டாப்பையும் மாற்றுவது, விளக்கு. 20 விநாடியையும் கேட்டிருக்கிறேன், விடவில்லை. வியாபாரிகளுக்கு இடம் குறிக்கச் சொல்லித் தனி வரி சேர்த்துவிட்டேன் அண்ணா.

அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்பது பேரில் ஏழு பேரும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பேன், வர முடிந்தவர்கள் வாருங்கள்.

முக்கு டீக்கடை:

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறேன். பூக்காரம்மாவும் வருகிறேன் என்கிறார்.