புதுப்பிப்பு: நெடுந்தூர ஓட்டத்துக்கான ஷூ, சைஸ் பற்றி ஒரு திருத்தம்

அரை மாரத்தானுக்கு (சுமார் 21 கி.மீ.) மேல் ஓடுபவர்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படி வாங்கிவிடாதீங்க. எழுந்து நின்று பார்க்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் இருக்கணும். அரை சைஸ் கூட்டினாலே அது கிடைத்தால் போதும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல்தான் நீளம். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்க. இரண்டு காலில் எது பெரிதோ, அதற்கு ஏற்ற சைஸ்தான் எடுக்கணும்.

வத்தல்மலை இறக்கத்தில் ஓடினால் நகம் கறுத்துப்போகுது என்று கேட்டவர்களுக்கு: ஷூவில் இடம் இருந்தும், லேஸ் தளர்ந்தால் கால் முன்னால் வழுக்கி விரல் இடிக்கும். சும்மா கிடக்கிற மேல் ஓட்டையில் லேஸை அதே பக்கமே விட்டு இரண்டு பக்கமும் சின்ன வளையம் ஆக்குங்க. எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டால் குதிகால் அசையாது. நகத்தையும் குட்டையா வெட்டிடுங்க.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் தார் ரோட்டில் ஓட டிரெயில் ஷூ (மண், கல் பாதைக்கானது) வேண்டாம், அதன் அடியில் பிடிமானத்துக்கு இருக்கிற பற்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

குதி உயர வித்தியாசம் (குதிகாலுக்கு அடியில் உள்ள உயரம் முன்பாதத்தைவிட எவ்வளவு கூட என்பது) 10 மி.மீ. உள்ள ஷூவிலிருந்து 4 மி.மீ. உள்ளதுக்கு மாறினால் கெண்டைக்கால் சுமை கூடும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் புது ஷூவில் ஒரு தடவைக்கு 3, 4 கி.மீ. மட்டும் ஓடுங்க. பந்தயத்துக்கு முன் அதே ஷூவில் 50 கி.மீ.யாவது ஓடியிருக்கணும்.