ரிலேக்கு 'ஏவலாளி' சரிவருமா?

வணக்கம்.

சிறு மின்சாரக் குறிப்பு கிடைத்ததும் வேறொரு மின்சுற்றைப் போட்டு அணைக்கும் சுவிட்சுதான் ரிலே. அதற்குத் தமிழில் 'உணர்த்தி' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறதே, இன்னொன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சென்சாரை 'உணரி' என்கிறோம். ஸ்மார்ட் வீட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். "உணரியிலிருந்து உணர்த்திக்கு ஒயர் இழுக்கவும்" என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் ஒரு கணமாவது தடுமாறுவார்.

'அஞ்சல்' எனக்குப் பிடித்த சொல். வானொலியில் அஞ்சல் செய்கிறோம், விளையாட்டில் அஞ்சலோட்டம் இருக்கிறது. தந்திக் காலத்து ரிலேக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தொலைவிலிருந்து தளர்ந்து வரும் குறிப்பை வாங்கி, உள்ளூர் மின்கல அடுக்கின் பலத்தில் மேலே அனுப்பியது. வீட்டுச் சுவருக்குள் இருக்கும் ரிலே எதையும் எங்கும் அனுப்புவதில்லை. சிறு மின்னோட்டம் சுருளைக் காந்தமாக்குகிறது, காந்தம் முனைகளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

ரிலேக்குத் 'துண்டிப்பான்' என்ற பெயர் வேண்டவே வேண்டாம். அழகு பார்த்துச் சொல்லவில்லை. எல்இடி விளக்குகளை மொத்தமாகப் போடும் நொடியில் பாயும் மின்னோட்டம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. அதில் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளலாம். கைபேசிச் செயலி 'ஆஃப்' என்று காட்டும், கம்பியில் மின்சாரம் இருக்கும். அசையும் முனைகளே இல்லாத குறைகடத்தி வகை ரிலேயில் அணைத்த நிலையிலும் மின்சாரம் கொஞ்சம் கசியும். போதாக்குறைக்கு, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் வைக்க வேண்டிய ரிலேயை யாரோ அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தால், விளக்கு அணைந்தும் ஹோல்டர் உயிரோடுதான் இருக்கும். இதைத் 'துண்டிப்பான்' என்று சொல்லிக் கொடுத்தால் பல்பு மாற்றப் போகிறவர் அதை நம்பிக் கையை வைப்பார். அந்தப் பெயர், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் எம்சிபிக்கும் மெயின் சுவிட்சுக்கும்தான். அதை அணைத்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

என் முன்மொழிவு 'ஏவலாளி'. ஏவல் + ஆளி. சுவிட்சை 'ஆளி' என்பது இலங்கையில் பழகிய சொல். ஏவினால் இயங்கும் ஆளி என்ற பொருள் நேராகக் கிடைக்கிறது. ஏவலாள் என்ற பழைய பொருளும் கெடவில்லை. ஏவியதைச் செய்தானா என்று போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் என்பதும் அதில் தொனிக்கிறது! எலக்ட்ரீஷியன் ரிலே என்றே சொல்லட்டும், கையேட்டில் முதல்முறை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

அப்புறம், 'ஸ்மார்ட் ரிலே' என்பதில் வரும் 'ஸ்மார்ட்'. திறன்பேசி வழியில் 'திறன் ஏவலாளி' என்றால் சிக்கல். மின்னியலில் திறன் என்றால் வாட் கணக்கு, பவர் ரிலே என்று வேறொரு பொருளும் இருக்கிறது. 'சூட்டிகை ஏவலாளி' எனலாம். சூடாகிற பெட்டிக்குச் சூட்டிகை என்று பெயரா என்று கேலி வரும், பரவாயில்லை.

இன்னும் தீராதது 'டிரை காண்டாக்ட்'. உள்ளே மெயின் மின்சாரத்தோடு இணைக்காமல் விட்ட முனைகள் அவை. வாயிற்கதவு மோட்டாரின் குறைவோல்ட் கட்டுப்பாட்டுக்குப் பயன்படும். முனையை உள்ளேயே மெயினோடு இணைத்த ரிலேயை அந்த இடத்தில் மாட்டினால் மெயின் உள்ளே பாய்ந்து கட்டுப்பாட்டுப் பலகை கருகிவிடும். 'உலர்முனை' என்றால் ஈரம் படாத இடம் என்று நினைப்பார்கள். 'வெறுமுனை' என்றால் காப்பு உரித்த கம்பி என்று தோன்றும். 'தனிமுனை' ஓரளவு தேறுகிறது, ஆனால் ஒற்றை முனை என்று படிக்கவும் வாய்ப்பு உண்டு. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.