நான்கு வாரமாகத் தணியாத ஒற்றைக் கண் சிவப்பு: ஸ்வாப் எப்போது எடுப்பது?

நோயாளி 26 வயதுப் பெண். வலது கண் மட்டும் சிவந்து நான்கு வாரம் ஆகிறது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. பீளை நூல் போல இழுபடுகிறது. கீழிமையைத் திருப்பினால் வெந்த ஜவ்வரிசி மாதிரி வரிசையாகக் குருக்கள். அதே பக்கம் காதுக்கு முன்னால் ஒரு நெறிக்கட்டு, அழுத்தினால் லேசாக வலிக்கிறது. பார்வை 6/6. ஃப்ளோரசின் சாயம் விட்டுப் பார்த்ததில் கருவிழியில் புண் இல்லை, ஹெர்பிஸுக்கே உரிய கிளைக்கோடும் இல்லை. காண்டாக்ட் லென்ஸ் பழக்கமில்லை.

மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% ஆன்டிபயாடிக் சொட்டு தினம் நான்கு வேளை, 7 நாள். அடுத்து இன்னொரு ஆன்டிபயாடிக் சொட்டு, டோப்ராமைசின், 7 நாள். இரண்டு நாள் குறைவது போல இருந்து பழையபடி வந்துவிடுகிறது. சாதாரண கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. அடினோ வைரஸாக இருந்தால் இதற்குள் தணியத் தொடங்கியிருக்கும், பெரும்பாலும் மறு கண்ணும் சிவந்திருக்கும். ஸ்டீராய்டு சொட்டு கொடுக்கவில்லை; காரணம் தெரியாமல் கொடுத்தால் ஹெர்பிஸ் ஒளிந்திருந்தால் கருவிழியே போய்விடலாம்.

என் சந்தேகம் கிளமிடியா, உடலுறவு வழியாகத் தொற்றும் கிருமி. செல்லுக்குள் வாழும் பாக்டீரியா என்பதால் வழக்கமான கல்ச்சர் தட்டில் வளராது, சொட்டு மருந்தும் போதாது. அசித்ரோமைசின் மாத்திரை துணைவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் சொல்வதற்கு முன் பிசிஆரில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) உறுதிசெய்ய விரும்புகிறேன். பீளையைத் துடைத்துவிட்டு, இமை உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் (ஸ்வாப்) அழுத்தித் தேய்த்து செல்களோடு எடுக்கப்போகிறேன்.

கடைசிச் சொட்டு விட்டு 3 நாள் ஆகிறது. இப்போதே ஸ்வாப் எடுக்கலாமா, சொட்டு மருந்தின் பாதிப்பால் தவறான நெகடிவ் வராமலிருக்க இன்னும் சில நாள் பொறுக்க வேண்டுமா?