தாது வருஷப் பஞ்சம்: இணையத்தில் இல்லாத சான்றுகள் எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டக் கிராமங்கள் பட்ட பாடுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இணையத் தரவுத்தளங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில அரசாங்க அறிக்கைகள். எத்தனை பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள், நிவாரண வேலைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. வரிசையில் நின்றவர்களின் குரல் இல்லை. அது இல்லாமல் இதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கோப்புகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அடுத்து, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய கும்மி, சிந்துப் பாட்டுப் பிரசுரங்களைத் தேடப்போகிறேன். சரி, அதற்கு அப்பால் எங்கே போவது?

நான் மிகவும் நம்பியிருப்பது பழைய தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளை. அரசுக் கணக்கில் வெறும் எண்ணாக இருக்கும் சாவுக்கு அங்கே ஒரு பெயரும் ஊரும் இருக்கும். சேலம், தருமபுரிப் பக்கம் 1877ஆம் ஆண்டுப் பதிவேடு எந்தத் தேவாலயத்தில் இருக்கிறது, அனுமதி யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சம் பிழைக்க இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். மலையக நண்பர்களே, உங்கள் வீடுகளில் அந்த நினைவுகள் பேச்சாகவோ பாட்டாகவோ இருந்தால் கேட்டுப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அப்புறம், அந்த ஆண்டுகளின் அடமானப் பத்திரம், கணக்கு நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நேரில் வந்து படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.