மடிப்பதற்கு முன் போடும் கோடு: என்ன சொல் வைக்கலாம்?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

தாளில் முதல்முறையாக விண்கலம் செய்பவர்களுக்கான செய்முறைத் தாள் ஒன்று தமிழில் தயாராகிறது. நான்கு ஏ4 பக்கங்கள், 31 உறுப்புகள். கலம் முழுக் கற்பனை: கூம்பு மூக்கு, 40 மி.மீ. விட்டத்தில் உருளை உடல், எண்கோண இயந்திர அறை, மூன்று உமிழ்குழல்கள், நான்கு துடுப்புகள். தாள் சதுர மீட்டருக்கு 200 கிராம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மடிக்கும் முன் மடிப்புக்கோட்டின் மேல் ஒரு பள்ளம் பதிப்போமே, ஆங்கிலத்தில் ஸ்கோர் என்பது, அது. வரைவில் ‘கீறவும்’ என்று 42 இடங்களில் இருக்கிறது. கீறு என்று படித்ததும் கை கத்தியைத்தான் எடுக்கும். 200 கிராம் தாளின் கனம் ஏறக்குறைய கால் மி.மீ. அதில் பாதி ஆழத்தில் கத்தியை நிறுத்துவது புதியவருக்கு வராது. துடுப்பு ஒரு பக்கம், அதை ஒட்டுவதற்காக விளிம்பில் விட்ட நாக்கு ஒரு பக்கம் என்று கையோடு வந்துவிடும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை இழுத்தால் வேலை முடிந்தது. வெட்டே கிடையாது.

‘கீறு’ வேண்டாம். வேறு என்ன?

செ.

நா. எழுதியது:

மடிதடம். மடி + தடம். சுருக்கம், தூய்மை, பொருள் தெளிவு மூன்றும் இருக்கிறது. இதற்கு மேல் விவாதம் தேவைப்படாது என நினைக்கிறேன்.

நா.

ப. எழுதியது:

> இதற்கு மேல் விவாதம் தேவைப்படாது

இந்தக் குழுவில் இப்படி எழுதிய எந்த மடலும் தப்பித்ததில்லை.

முதலில் புணர்ச்சி. மடிதடமா, மடித்தடமா? மடி என்பதை வினையடியாகக் கொண்டால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. ஆனால் நாம் சொல்ல வருவது மடிப்புக்கான தடம். மடி என்பதைப் பெயராகக் கொண்டால் மடித்தடம் என்றுதான் மிக வேண்டும். தடம் பதிக்கும் நேரத்தில் தாள் இன்னும் மடியவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, மடி என்றால் சோம்பலும்தான். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்’ என்கிறார். பரிமேலழகர் அந்தக் கலனுக்கு மரக்கலம் என்றே உரை காண்கிறார். கெடப்போகிறவர் விரும்பி ஏறும் கப்பல்! விண்கலம் செய்யும் தாளில் மடியைக் கொண்டுவந்து வைக்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வராதா?

ப.

நா. எழுதியது:

ஐயா, வராது.

> தாள் இன்னும் மடியவே இல்லை

காலம் கரந்த பெயரெச்சம்தானே வினைத்தொகை? மடிந்த, மடிகின்ற, மடியும் மூன்றுக்கும் அதில் இடம் உண்டு. இன்னும் மடியாத தாளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது.

இன்னொன்று. உரியியலில் ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்று சொன்ன கையோடு ‘தடவென் கிளவி கோட்டமும் செய்யும்’ என்கிறார் தொல்காப்பியர். தட என்றால் வளைவு. ஆகவே மடிதடத்தில் மடியும் இருக்கிறது, வளைவும் இருக்கிறது. தடவு, தடவை, தடுக்கு எல்லாவற்றையும் இந்த வேரிலிருந்தே விளக்க முடியும். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நா.

மு. எழுதியது:

தனி மடல் வேண்டாம், தயவுசெய்து. உரியியலைத் திறந்தவர் அதே இயலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்பதையும் படித்திருக்க வேண்டும். உரிச்சொல் ‘தட’ வேறு, பெயர்ச்சொல் ‘தடம்’ வேறு.

என் கேள்வி எளிது. ‘ஸ்கோர்’ என்று போட்டால் என்ன கெட்டுவிடும்? ஸ்கேல், பேனா, பெவிகால் எல்லாம் அப்படியே வரும்போது இது மட்டும் ஏன் வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும்? செய்பவர் நாளை இணையத்தில் ஒரு காணொளி பார்த்தாலும் இந்தச் சொல்லைத்தான் கேட்பார்.

மு.

ப. எழுதியது:

ஸ்கோர் என்றால் எத்தனை விக்கெட் போயிற்று என்று கேட்பார்கள்.

பொறித்தல் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே. இமயத்தில் வில் பொறித்தார்கள். பொன்முடிப்பில் முத்திரை பொறித்தார்கள். அழுத்திப் பதிப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ‘கோட்டைப் பொறிக்கவும்.’

ப.

மு. எழுதியது:

> கோட்டைப் பொறிக்கவும்

எந்தக் கோட்டையை? எந்த எண்ணெயில்? றகரத்தையும் ரகரத்தையும் காதால் பிரிக்காதவர்கள்தான் இப்போது பெரும்பாலோர். வகுப்பில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மு.

செ. எழுதியது:

நண்பர்களே, சொல்லுக்குப் போகும் முன் செயலைப் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

ஒன்று, மொட்டை முனையால் அழுத்திப் பள்ளம் பதிப்பது. நார் அறுபடாது, நசுங்கும். 160 முதல் 200 கிராம் தாளுக்கு இது போதும்.

மற்றது, கத்தியால் பாதிக் கனத்துக்கு வெட்டுவது. தடித்த அட்டைக்கு இது வேண்டியிருக்கும். மெல்லிய தாளில் இதைச் செய்தால் மடிப்பைத் தாங்க அரைத்தாள் கனமே மிஞ்சும். இரண்டு முறை மடித்து விரித்தால் பிரிந்துவிடும். அச்சுப் பக்கத்தில் வெட்டினால் வண்ணத்துக்கு நடுவே வெள்ளைக் கோடும் தெரியும்.

இரண்டாவதற்கு ‘அரைவெட்டு’ என்று வைத்துவிடலாம். நம் தாளில் அது வரவே வராது. முதலாவதற்குத்தான் சொல் வேண்டும்.

எந்தப் பக்கம் பதிப்பது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளம் எப்போதும் மடிப்பின் வெளிப்புறத்தில் அமைய வேண்டும். அச்சுப் பக்கம் மேடாக வரும் மடிப்புக்கு அச்சுப் பக்கத்திலேயே அழுத்தலாம். பள்ளமாக வரும் மடிப்புக்குப் பின்பக்கம். கோட்டின் இரு முனையிலும் ஊசியால் குத்தி, தாளைத் திருப்பி, அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேலால் சேர்த்து அழுத்த வேண்டும். (மலைமடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு என்று மொழிபெயர்த்திருந்ததை மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு என்று மாற்றிவிட்டேன். குறிஞ்சித் திணையைப் பற்றி யாரும் தொடங்க வேண்டாம்.)

செ.

இரா. எழுதியது:

மடிதடமோ மடித்தடமோ, பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு செய்முறை எழுத முடியாது. ஏவல் வேண்டும். 42 இடங்களிலும் ‘மடிதடத்தை ஏற்படுத்தவும்’ என்று எழுதப் போகிறீர்களா? அரசாணை மாதிரி இருக்கும்.

சரியாகப் பதிந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் கோட்டின் மேல் மெல்லிய பளபளப்பு ஓடும். பின்பக்கம் நகத்தால் வருடினால் நூல் வைத்து ஒட்டியது போல் ஒரு மேடு தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் போதவில்லை. பிசிறு எழுந்திருந்தால் மிஞ்சிவிட்டது. அடியில் கண்ணாடி போலக் கெட்டியான பரப்பு இருந்தால் பள்ளம் விழாது, பஞ்சுபோல் இருந்தால் தாள் கிழியும். நாலைந்து சாதாரணத் தாள் அடுக்கி அதன் மேல் வைத்தால் பதமாக வரும்.

ஆக, இது ஒன்று போனதால் பதிந்த அடையாளம். அதற்குத் தமிழில் தடம் என்றே பெயர். கால்தடம், சக்கரத் தடம். எதையும் வெட்டாமல், அழுத்தியதால் மட்டும் வந்தது. ‘மடி’ எதற்கு? தடமிடு. ‘அ முதல் ஆ வரை தடமிடவும்.’ ‘தடமிட்ட பிறகே உறுப்பை வெட்டி எடுக்கவும்.’ புணர்ச்சிச் சண்டையும் இல்லை, வள்ளுவர் கப்பலும் இல்லை.

இந்தப் பின் வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். வெட்டிவிட்டுத் தடமிட்டால் 5 மி.மீ. நாக்கின் மேல் ஸ்கேல் நிற்காது, வழுக்கும். பேனா முனைக்கும் ஒரு கனம் உண்டு. ஸ்கேலைக் கோட்டின் மேலேயே வைக்காமல் அரை மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். எண்கோண அறையில் ஒரு முகம் 16.6 மி.மீ.தான். ஒரு தடம் தள்ளிப்போனாலும் ஒரு முகம் பருத்து அடுத்தது ஒடுங்கும், அடித்தட்டு உட்காராது.

இரா.

நா. எழுதியது:

‘தடமிடு’ மோசமில்லை. மடிதடத்திலிருந்து பிறந்தது என்ற அளவில் ஏற்கிறேன்.

‘நாக்கு’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒட்டுவதற்காக விளிம்பில் விடும் பகுதி ‘ஒட்டுமடல்’. காது மடல், தாழை மடல் போல. இதில் இன்னொரு நயம்: ‘மாவென மடலும் ஊர்ப’ என்கிறது குறுந்தொகை. பனைமடலால் குதிரை செய்து ஊர்ந்தவர்கள் நாம். ஊர்தியின் மாதிரியை ஓலையில் செய்த முதல் ஆட்கள் தமிழர்களே என்று இதிலிருந்து…

நா.

மு. எழுதியது:

> இதிலிருந்து…

இதிலிருந்து ஒன்றும் வேண்டாம். அடுத்த மடலில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வரும், அதற்கடுத்து நாம் நிலவுக்கே போய்வந்துவிடுவோம். காதல் கைகூடாமல் அந்தக் குதிரையில் ஏறியவன் கதியை நினைத்தால் புதியவருக்குக் கொடுக்கும் சொல்லா அது? நாக்கு என்றால் குழந்தைக்கும் தெரியும்: ஒரு முனை ஒட்டியிருக்கும், மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும்.

உருளையின் முனையில் வரும் வரிசைக்கு மட்டும் வேறு சொல் தேவை. ரம்பப் பல் போல வெட்டிய நாக்குகள் அவை; 40 மி.மீ. விட்டத்துக்கு 5 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் 25 வரும். ‘பல்’ போதும். நாக்கும் பல்லும் ஒரே வாயில் இருப்பது நல்லதுதானே.

மு.

செ. எழுதியது:

பல் சரி.

இரா. சொன்னதில் ஒரு சேர்க்கை. வளையும் பரப்பில் தடமே கூடாது என்று தாளில் தனியாக எழுத வேண்டும். உடலும் மூக்கும் சுருட்டப்படுபவை. அங்கே தடமிட்டால் உருளை பென்சில் மாதிரி பட்டை பட்டையாக நிற்கும். தாளின் இழையோட்டம், அதாவது நார்கள் ஓடும் திசை, உருளையின் அச்சுக்கு இணையாக இருந்தால் சிரமமில்லாமல் சுருளும். குறுக்கே இருந்தால் மடங்கி முறியும். (‘இழையோட்டம்’ என்று போட்டிருக்கிறேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லாதது கவலையாக இருக்கிறது.)

மூக்குக் கூம்புக்கு அடி ஆரம் 30, சாய்வு நீளம் 50 என்று வரைவில் இருந்தது. வெட்ட வேண்டிய வட்டக்கூறு 216 பாகை. ஆனால் உடலின் ஆரம் 20தான், பொருந்தாது! சாய்வு 50 அப்படியே இருக்கட்டும், 360 × 20 ÷ 50 என்று 144 பாகையாகத் திருத்திவிட்டேன். உடலுக்கு 125.7 மி.மீ. நீளம் கொடுத்திருந்ததும் போதாது. 40 மி.மீ. உள்வட்டைச் சுற்றி வரும்போது தாளின் கனமும் விட்டத்தில் சேரும், 126.5 வேண்டும். இல்லையென்றால் முதுகில் முக்கால் மி.மீ. வாய் பிளந்து நிற்கும், புதியவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

சொல்லுக்கு வருவோம். இன்று இரவுக்குள் கை தூக்குங்கள்: தடமிடு, மடிதடம், பொறி, ஸ்கோர்.

செ.

ப. எழுதியது:

பொறி. ஒற்றை ஆளாக இருந்தாலும் சரி.

தடமிடு என்று படிப்பவர் நிறந்தீட்டும் படியில் என்ன செய்வார்? வெட்டிய விளிம்பின் வெள்ளையை மறைக்க வண்ணப் பென்சிலால் தேய்க்கச் சொல்கிறீர்கள். அதுவும் ஒரு கோட்டுத் தடம்தானே.

ப.

இரா. எழுதியது:

ஐயா, அங்கே ‘விளிம்பில் வண்ணம் பூசவும்’ என்று இருக்கிறது. தடம் என்ற பேச்சே இல்லை. ஆனால் நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள்: அந்தப் படி ஒட்டுவதற்கு முன்னால் வர வேண்டும், வரைவில் பின்னால் இருக்கிறது. பெவிகால் பட்ட இடத்தில் பென்சில் வண்ணம் பிடிக்காது.

இரா.

செ. எழுதியது:

தடமிடு: 5. மடிதடம்: 1. பொறி: 1. ஸ்கோர்: 1. பதில் சொல்லாதவர்களை எண்ணவில்லை.

‘தடமிடு’ அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் ஒரு முறை மட்டும் ‘தடமிடு: வெட்டாமல், மொட்டை முனையால் அழுத்திக் கோடு பதித்தல்’ என்று விளக்கம் இருக்கும். திருத்திய கோப்பை இணைத்திருக்கிறேன்.

செ.

மு. எழுதியது:

கோப்பைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மொத்தமாக மாற்றியிருக்கிறீர்கள் போல. மூன்றாம் பக்கம், 27-ஆம் படி: ‘உமிழ்குழலின் வெள்ளிப் பரப்பில் தடமிடல் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.’ அங்கே கீறல்தான் வேண்டும்.

என் வாக்கு இன்னும் ஸ்கோருக்குத்தான்.

மு.