கக்கூஸ் கோப்பையைச் சுத்தமாக்கியது வால்வா, வடிவமா?

ஊருணி:
ஃப்ளஷ் கழிப்பறையின் வரலாற்றைத் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான் கிடைக்கிறது. 1596இல் இங்கிலாந்தின் அரசவைக்காரர் ஜான் ஹாரிங்டன் தொட்டியும் வால்வும் வைத்து ஒன்றை உருவாக்கினார். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வளைந்த குழாயைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள்.

தீரவில்லை என்பதுதான் என் வாதம். வாடை ஓரளவு நின்றது, அவ்வளவே. கோப்பை கழுவப்படவில்லை. ஹாரிங்டனின் அமைப்பில் டிராப்பே (தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாடையை அடைக்கும் அந்த வளைந்த குழாய்) கிடையாது. தண்ணீர் குறைவாக இருந்தால், இருபது பேர் போனாலும் நாளுக்கு ஒருமுறை திறந்துவிட்டால் போதும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கம்மிங் கோப்பையின் அடியில் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் தட்டு ஒன்றை வைத்தார். இழுக்கும் ஒவ்வொரு முறையும் அசுத்தம் தட்டின் மேலும் அது நகரும் பள்ளத்திலும் ஒட்டிக்கொள்ளும். 1778இல் ஜோசப் பிராமா அதை மாற்றி, கீல் வைத்துக் கீழ்நோக்கித் திறக்கும் மூடியைப் போட்டார். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மூவரும் கழிப்பறையை ஒரு கதவாகத்தான் பார்த்தார்கள். எப்படித் திறப்பது, எப்படி இறுக மூடுவது என்பதிலேயே மூளையைச் செலவழித்தார்கள். கோப்பையின் பக்கங்களில் ஒட்டியதைத் தண்ணீர் எப்படிக் கழற்றி எடுத்துப் போகும் என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது.

அந்தக் கேள்விக்கு 1880களில் பதில் சொன்னவர்கள் பீங்கான் பட்டறைக்காரர்கள். கோப்பையும் டிராப்பும் ஒரே பீங்கான், அசையும் பாகம் எதுவும் இல்லை, விளிம்பைச் சுற்றித் தண்ணீர் இறங்கும். மெக்கானிக்குகள் நூறு வருஷத்தில் செய்ததைவிட இவர்கள் பத்து வருஷத்தில் அதிகம் செய்தார்கள்.

கல்வெட்டு:
ஊருணி, பிராமாவை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. 1797 வாக்கில் அவர் ஆறாயிரம் கழிப்பறைகள் வரை விற்றிருந்தார். குழாய்த் தண்ணீரே அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய எண்ணிக்கை. வேலை செய்யாத சாமானை யாரும் இத்தனை காலம் வாங்க மாட்டார்கள்.

வால்வு வகையின் சிறப்பு மூடியில் இல்லை, அந்த மூடி கோப்பைக்குள் தேக்கி வைத்த தண்ணீரில் இருக்கிறது. கோப்பையில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும், மலம் நேராக அதில் விழும், பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. கைப்பிடியைத் தூக்கியதும் மொத்தத் தண்ணீரும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். ஒட்டிய பிறகு கழுவுவதைவிட ஒட்டாமல் பார்த்துக்கொள்வது மேல் அல்லவா? 1870களில் லண்டனில் சுகாதார பிளம்பிங் பற்றி அதிகம் எழுதிய ஸ்டீவன்ஸ் ஹெல்யர் வால்வு வகையைத்தான் உயர்த்திப் பிடித்தார், தாமே ஒன்றை மேம்படுத்தியும் விற்றார். நீங்கள் கொண்டாடும் கோப்பையில் நிற்கிற தண்ணீரின் பரப்பு சிறியது. சுற்றிலும் காய்ந்த பீங்கான். பிரஷ் இல்லாமல் அதை வைத்துக் காலம் தள்ள முடியுமா?

வால்வு வகை தோற்றது விலையிலும் பராமரிப்பிலும்தான். சுத்தத்தில் தோற்கவில்லை.

முருகேசு பிளம்பர்:
கல்வெட்டு ஐயா, பராமரிப்பில் தோற்றது என்றாலே சுத்தத்தில் தோற்றது என்றுதான் அர்த்தம். நான் தொழிலில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். கீழே திறந்து மூடுகிற எதுவும் ஒருநாள் கசியும். பிராமா மூடி புதிதாக இருக்கும்போது நீங்கள் சொன்ன மாதிரி தண்ணீர் நிற்கும். மூடி உட்காரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் சிக்கினால் போதும், விடிவதற்குள் கோப்பை காலி. அப்புறம் காய்ந்த கோப்பையில்தான் எல்லாம் விழும்.

இதைவிட மோசம் அந்தக் காலத்துப் பான் வகை. கோப்பைக்கு அடியில் ஒரு செம்புத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கைப்பிடியை இழுத்தால் தட்டு சாய்ந்து, அதில் இருப்பதைக் கீழே ஒரு வார்ப்பிரும்புக் கூண்டுக்குள் கொட்டும். கொட்டும்போது கூண்டின் சுவரெல்லாம் தெறிக்கும். அந்தச் சுவரைக் கழுவ வழியே கிடையாது. மேலிருந்து பார்த்தால் கோப்பை பளபளவென்று இருக்கும், உள்ளே வருஷக்கணக்கான அசிங்கம். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கூண்டின் காற்று அறைக்குள் வரும். விலை மலிவு என்பதால் 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் வீட்டுக்கு வீடு இதைத்தான் மாட்டினார்கள். ஹெல்யர் பேரைச் சொன்னீர்களே, அவரே இதைக் கடுமையாகத் திட்டியவர்.

தேன்மொழி:
நீங்கள் மூன்று பேரும் கோப்பையையே பார்க்கிறீர்கள். தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள்.

ஊருணி அண்ணா, அசையும் பாகத்தை எடுத்ததால் சுத்தம் வந்தது என்றால் ஹாப்பர் வகைக்கு என்ன சொல்வீர்கள்? நீளமான கூம்பு மாதிரி ஒரு கோப்பை, கீழே டிராப், அசையும் பாகம் ஒன்றும் இல்லை. ஒல்லியான குழாயில் ஒரு பக்கமாகத் தண்ணீர் வந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். சுற்றுகிற வேகத்திலேயே அதன் பலம் முழுக்கத் தீர்ந்துவிடும். அது பெரும்பாலும் வேலைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும்தான் வைக்கப்பட்டது. அவர்கள் அந்த நாற்றத்தோடு வாழ வேண்டியிருந்தது.

வாஷ்-அவுட் வகையும் இருக்கிறது. ட்வைஃபோர்டு நிறுவனம் அதை ஏராளமாக விற்றது. முழுக்கப் பீங்கான், உங்கள் பட்டறைக்காரர்களின் கைவேலைதான். ஆழம் குறைந்த தட்டில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், மலம் அதில் விழும், பின்பு தண்ணீர் வந்து ஒரு வரப்பைத் தாண்டி அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதிலேயே விசை போய்விடும். வரப்புக்கு அந்தப் பக்கம் டிராப்பைத் தள்ளிவிட அதில் பலம் மிஞ்சாது. கீழே போகவேண்டியது பாதி வழியில் நிற்கும்.

ஆக, சுத்தம் செய்வது தண்ணீரின் வேகம். அது தலைக்கு மேலே உயரத்தில் தொட்டி வைத்து, அகலமான குழாயில், சில நொடிகளில் மொத்தத்தையும் இறக்கியபோதுதான் கிடைத்தது. அதைச் சாத்தியமாக்கியது சைபன் தொட்டி, அதாவது ஒருமுறை தொடங்கிவிட்டால் தண்ணீரைத் தானே இழுத்து இறக்கும் வளைகுழாய் உள்ள தொட்டி. ஜோசப் ஆடம்சன் 1853இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலியை இழுத்து ஒருமுறை சைபன் பிடித்துவிட்டால், கையை எடுத்தாலும் தொட்டி காலியாகும்வரை தண்ணீர் நிற்காது. பாதி ஃப்ளஷ் செய்துவிட்டுப் போகிற அவசரக்காரர்களிடமிருந்து கழிப்பறையைக் காப்பாற்றியது அதுதான்.

ஊருணி:
தேன்மொழி, வாஷ்-அவுட் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அதே தொட்டி, அதே உயரம், அதே தண்ணீர்தான். வரப்பை எடுத்துவிட்டு, பின்சுவரைச் செங்குத்தாக்கி, மலம் நேராக டிராப் தண்ணீரிலேயே விழும்படி செய்தார்கள், வாஷ்-டவுன் பிறந்தது. வேகம் மாறவில்லை, அந்த வேகம் வீணாகும் இடம்தான் மாறியது. இது வடிவத்தின் வெற்றி இல்லையா?

இன்னொன்றும் பாருங்கள். லண்டனில் 1871 சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு இரண்டு காலன், அதாவது சுமார் ஒன்பது லிட்டர் என்று உச்சவரம்பு போட்டன. பிளம்பர்கள் மூன்று காலனாவது வேண்டும் என்று சண்டை போட்டார்கள், கிடைக்கவில்லை. தண்ணீரைக் கூட்டமுடியாத நிலையில் கோப்பையைத் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. 1884இல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸின் கோப்பை தங்கப் பதக்கம் வாங்கியது. இரண்டு காலன் தண்ணீரில் அது அடித்துச் சென்றவை: சராசரி ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள பத்து ஆப்பிள்கள், தட்டையான ஒரு ஸ்பாஞ்சு, அழுக்குப் பூசிய பரப்பில் ஒட்டவைத்த நான்கு காகிதத் துண்டுகள். கோப்பை முழுக்கப் பூசியிருந்த கரும்பூச்சையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பிளம்பர்கள் ஈயக்குழாய் பற்றவைக்கும்போது தடவுகிற புகைக்கரியும் பசையும் கலந்த கலவை. இப்படி ஒட்டிக்கொள்கிற பூச்சை இரண்டு காலனில் கழுவியது சின்ன விஷயமா?

கல்வெட்டு:
ஆப்பிள் மிதக்கும், மலம் எப்போதும் மிதக்காது. எடை, வழுவழுப்பு எல்லாமே வேறு. பூச்சும் காகிதமும் நல்ல சோதனைகள் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆப்பிள் வெறும் விளம்பரம். இது அந்தக் காலத்துக் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1992 சட்டம் ஒரு ஃப்ளஷ்ஷுக்குச் சுமார் ஆறு லிட்டர் என்று கட்டிப்போட்ட பிறகு, சான்றிதழ் வாங்கிய கழிப்பறைகளே வீட்டில் அடைத்துக்கொண்டன. சோயா பீன்ஸ் விழுதை உருட்டிப் போட்டு உண்மைக்கு நெருக்கமாகச் சோதிக்கும் முறை 2003 வாக்கில்தான் வட அமெரிக்காவில் வந்தது. அதன்பிறகுதான் கோப்பைகள் நிஜமாகத் திருந்தின.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நாம் எல்லோரும் கோப்பை சுத்தமானால் போதும் என்கிற மாதிரி பேசுகிறோம். லண்டனில் ஃப்ளஷ் பரவப் பரவ, வீட்டுக் குழிகள் தண்ணீரால் நிரம்பி வழிந்தன. 1815க்குப் பிறகு வீட்டுக் கழிவை மழைநீர்ச் சாக்கடையில் விட அனுமதித்தார்கள். அது நேராகத் தேம்ஸில் கலந்தது, அதே தேம்ஸிலிருந்து குடிதண்ணீர் எடுத்தார்கள். காலரா ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தடுமாறிய பிறகுதான் பொறியாளர் பேசல்ஜெட் பெரிய சாக்கடைகளைக் கட்ட வழி பிறந்தது. இங்கிலாந்தின் டார்செட்டில் ஹென்றி மவுல் என்ற பாதிரியார் தண்ணீரே வேண்டாம், காய்ந்த மண்ணைப் போட்டு மூடலாம் என்று 1860இல் காப்புரிமை எடுத்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் செல்லும்.

முருகேசு பிளம்பர்:
ஐயா சொன்னது நியாயம், ஆனால் அது சாக்கடையின் குறை. கோப்பைமேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

டிராப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்மிங் வளைவு கண்டுபிடித்ததும் வாடை நின்றது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஈயத்தில் பெட்டி மாதிரி, ஆங்கில D எழுத்து வடிவில் செய்த டி-டிராப்பைத்தான் நெடுங்காலம் போட்டார்கள். அதன் மூலைகளில் கசடு தங்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகாது. மாடி வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்தால் அந்தத் தண்ணீர் குழாயில் இறங்கும்போது கீழ்வீட்டு டிராப்பில் நிற்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். டிராப்பில் அடைப்பாக நிற்கும் அந்தத் தண்ணீர், அதாவது வாட்டர் சீல், போனால் சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள். காற்றுக்குழாய் வைத்து, கூரைக்கு மேலே திறந்துவிடக் கற்ற பிறகுதான் அது அடங்கியது. நம் அடுக்குமாடிகளில் செலவு மிச்சம் என்று காற்றுக்குழாயை விட்டுவிட்டுக் கட்டுகிறார்கள், அப்புறம் பாத்ரூமில் வாடை என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள். கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

சைபன் பற்றித் தங்கச்சி சொன்னது சரி. பிரிட்டனில் தொட்டிக்கு அடியில் வால்வு வைக்க 2001 வரை அனுமதியே இல்லை. கசியும் என்ற ஒரே காரணம்தான்.

ஊருணி:
அண்ணே, காற்றுக்குழாய் விஷயம் முக்கியம். நன்றி.

தண்ணீர் வேகம்தான் எல்லாம் என்று தேன்மொழி சொன்னதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று. 1970இல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பின் கோப்பை. தொட்டி இல்லை, சங்கிலி இல்லை, விளிம்பில் துளை இல்லை. கோப்பையின் தரை 25 முதல் 28 டிகிரி வரை சரிவு, டிராப்பில் வாட்டர் சீல் 20 மில்லிமீட்டர் மட்டும். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போய்விடும். விக்டோரியா காலத்து மேல்தொட்டிக்கு ஒன்பது லிட்டர் தேவைப்பட்ட வேலை இது. சரிவையும் சீலையும் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

தேன்மொழி:
ஊற்றுகிற கை இருக்கிறது அண்ணா. வாளியிலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினால் போகும். அதே இரண்டு லிட்டரைக் குழாயைத் திறந்து மெதுவாக விட்டுப் பாருங்கள், பாதி அங்கேயே கிடக்கும். தொட்டியின் வேலையைக் கை செய்கிறது. அந்தக் கோப்பையை நான் மதிக்கிறேன். மனிதக் கழிவை மனிதர் அள்ளுகிற கொடுமையை ஒழிக்கவென்று வந்த வடிவம் அது. ஆனால் வேகம் தேவையில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

விளிம்பைப் பற்றியும் யோசியுங்கள். நீங்கள் முதல் பதிவில் புகழ்ந்த அந்தக் குழிந்த விளிம்பின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தண்ணீர் ஊர்களில் துளைகள் அடைத்துக்கொள்ளும், உள்ளே கறுப்பாகப் படியும். இப்போது ரிம்லெஸ் என்று விளிம்பே இல்லாத கோப்பைகள் கடைக்கு வந்துவிட்டனவே?

முருகேசு பிளம்பர்:
வந்துவிட்டன, நானும் மாட்டியிருக்கிறேன். துடைக்கச் சுலபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்ந்து முன்பக்கத்தில் வந்து சந்திக்கவேண்டும். டேங்கின் வால்வு அகலமாகவும் தண்ணீர் முழு அளவிலும் இருந்தால் சந்திக்கும். வீட்டுக்காரர் மிச்சம் பிடிக்கிறேன் என்று டேங்கில் மிதவையைத் தாழ்த்தி வைத்தால் முன்பக்கம் நனையாது. வாங்குகிறவர்கள் கடையிலேயே தண்ணீர் விட்டு, முன்பக்கம் ஈரமாகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.