நாளை காலைக்குள் திருத்தித் தரவேண்டும், என் பாஸ்ட் டென்ஸ் தப்பாம். யாராவது உதவுங்கள்

புதுசா வந்தவள்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே வந்து நாலு மாசம்தான் ஆகிறது. வேலையில் ஒரு ஸ்டேட்மென்ட் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். டென்ஸ் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, படித்தால் வேறு அர்த்தம் வருகிறது என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். நாளைக் காலை 10 மணிக்கு மீட்டிங், அதற்குள் சரியாக எழுதிக்கொண்டு போகவேண்டும். ஹேட் (had) எப்போது போடணும், ஹேவ் (have) எப்போது போடணும், வினையின் கடைசியில் வெறும் ஈடி (-ed) மட்டும் போட்டால் போதுமா? பள்ளியில் படித்தது ஒன்றுமே ஞாபகம் வரவில்லை, கை நடுங்குகிறது. வேலை போனால் விசாவும் போய்விடும். அண்ணா, அக்கா, சீக்கிரம் சொல்லுங்கள்.

மெல்போர்ன் மாமி:
பதறாதேம்மா. நான் வந்த புதிதில் வாயைத் திறக்கவே பயப்படுவேன். "ஐ டிட் நாட் வென்ட்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு வருஷம் கழித்துத்தான் ஒருத்தி திருத்தினாள். டிட் வந்துவிட்டால் அதுவே இறந்தகாலத்தைச் சுமந்துகொள்ளும், பக்கத்தில் வரும் வினை பழையபடி கோ, ஈட், கம் என்றுதான் நிற்கவேண்டும். இங்கே ஏஎம்இபி என்று அரசாங்கமே இலவசமாக ஆங்கில வகுப்பு நடத்துகிறது. நான் வீட்டு வேலையை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தேன். நீயும் சேர்ந்துவிடு, ஆறு மாசத்தில் தைரியம் வந்துவிடும்.

நியூஜெர்சி செந்தில்:
ஹேவ், ஹேட் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் சிம்பிள் பாஸ்டில் எழுதுங்கள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "டிட் யூ ஈட்", "ஐ ஜஸ்ட் ஏட்" என்றுதான் பேசுகிறார்கள். நம் ஊரில்தான் ஹேட் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து எல்லா வரியிலும் ஒரு ஹேட் போடுகிறோம்.

குரோய்டன்காரன்:
தப்பான ஆலோசனை, செந்தில். அமெரிக்காவில் அது ஓடும். லண்டனில் "ஹேவ் யூ ஈட்டன்", "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்" என்பதுதான் வழக்கம். முதல் இன்டர்வியூவில் நான் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்றேன். தமிழில் "ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம், அதையே அப்படியே தூக்கிப் போட்டுவிட்டேன். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று சொல்லியிருக்கவேண்டும். அதையே "ஐ வொர்க்ட்" என்று சொன்னால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஹேவ் இல்லாமல் இங்கே பிழைக்க முடியாது.

ஸ்காபரோ யாழ்ப்பாணத்தான்:
தங்கச்சி, எழுதுறதை விடக் கதைக்கிறதுதான் கஷ்டம். நான் வந்த முதல் பனிக்காலம் ஒரு கோப்பிக் கடையில் இரவு வேலை. "வொர்க்கெட்", "வாஷெட்" என்று கதைப்பேன், ஒருத்தருக்கும் விளங்காது. ஈடியை மூன்று விதமாகச் சொல்லவேணும் என்று கூட வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ் அக்காதான் காட்டித் தந்தா. வொர்க்ட் என்றால் கடைசியில் t சத்தம், கிளீன்ட் என்றால் மெல்லிய d சத்தம், வான்டெட் மாதிரி t, d சத்தத்தில் முடியிற வினைக்கு மட்டும்தான் எட். ரெண்டு மாசம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். அந்தக் குளிரும் அந்தத் தனிமையும் இப்பவும் மறக்கேல்லை.

சிங்கை கோவைக்காரர்:
நம் பள்ளிக்கூடங்களைத்தான் சொல்லவேண்டும். பன்னிரண்டு டென்ஸுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, "ஐ கோ, ஐ வென்ட், ஐ ஹேவ் கான்" என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். எந்த இடத்தில் எது என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. தேர்வில் தொண்ணூறு வாங்கியவன்கூட வெளிநாட்டில் ஒரு புகார்க் கடிதம் எழுதத் தெரியாமல் நிற்கிறான்.

மெல்போர்ன் மாமி:
அதோடு ஏஜென்ட்டுகளும். இங்கிலீஷ் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். என் தங்கை பெண்ணுக்கும் இதேதான் நடந்தது.

ஸ்காபரோ யாழ்ப்பாணத்தான்:
கனடாவில் லிங்க் என்ற அரசாங்க ஆங்கில வகுப்பு இலவசம்தான், ஆனால் வேலை பெர்மிட்டில் வந்த பிள்ளைகளைச் சேர்க்கமாட்டினம். அவையளுக்குத்தானே முதலில் தேவை?

பர்மிங்ஹாம் நர்ஸக்கா:
கொஞ்சம் நிறுத்துங்க எல்லாரும். அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் காலையில் மீட்டிங். தங்கம், நீங்க எந்த நாட்டில் இருக்கீங்க, என்ன வேலை, எழுதின வரி என்ன? பெயர்களை எடுத்துவிட்டு அந்த வரிகளை அப்படியே போடுங்க. அதைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

புதுசா வந்தவள்:
மன்னிச்சிடுங்க அக்கா, பதற்றத்தில் எழுத மறந்துவிட்டேன். யூகே, முதியோர் இல்லத்தில் கேரர், நைட் டியூட்டி. ஒரு தாத்தா கீழே விழுந்துவிட்டார். நான் எழுதியது இது: "ஐ ஹேவ் கான் டு ஹிஸ் ரூம் அட் 2.40 அண்ட் ஹி ஃபெல் டவுன். ஐ ஹேட் பிரஸ்ட் த எமர்ஜென்சி பெல். ஐ ஆம் செக்கிங் ஹிம் எவ்ரி ஹவர். ஹி வில் கெட் அப் அட் நைட்." உண்மையில் நான் கதவைத் திறந்தபோதே அவர் தரையில் கிடந்தார். அப்புறம்தான் பெல் அடித்தேன். ஆனால் மேனேஜர் "அவர் விழும்போது நீ பக்கத்தில்தான் இருந்தாயா, ஏன் பிடிக்கவில்லை" என்று கேட்கிறார்.

குரோய்டன்காரன்:
இப்போது புரிகிறது. "ஹி ஹேட் ஃபாலன்" என்று மாற்றுங்கள், முடிந்தது. நீங்கள் போவதற்கு முன்பே விழுந்திருந்தார் என்று ஆகிவிடும்.

பர்மிங்ஹாம் நர்ஸக்கா:
இலக்கணப்படி அது சரிதான் தம்பி, ஆனால் இந்த ஸ்டேட்மென்ட்டில் அது வேண்டாம். அவர் விழுந்ததை இவங்க பார்க்கவே இல்லையே. விழுந்தாரா, படுக்கையிலிருந்து நழுவினாரா, தானே இறங்கி உட்கார்ந்து சாய்ந்தாரா, யாருக்குத் தெரியும்? கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுதணும்.

தங்கம், தமிழில் சொல்லிப் பாருங்க. "நான் போனப்போ அவர் விழுந்தார்" என்றால் உங்க கண்ணெதிரே விழுந்த மாதிரி. "நான் போனப்போ விழுந்து கிடந்தார்" என்றால் அதற்கு முன்னாடியே ஏதோ நடந்துவிட்டது. இந்த வித்தியாசம் உங்களுக்கு நல்லாவே தெரியும், இங்கிலீஷில் எழுதும்போதுதான் கை தவறிவிட்டது. உங்க வரியில் ஃபெல் என்று இருப்பதால் மேனேஜர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். "ஐ ஃபவுண்ட் ஹிம் ஆன் த ஃப்ளோர்" என்று எழுதுங்க. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். லையிங், லே என்றெல்லாம் போனால் நானே இன்னும் தடுமாறுவேன்.

அப்புறம் மணியோடு ஹேவ் சேராது. 2.40 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் "ஐ வென்ட்" மட்டும்தான். இதில் லண்டனும் நியூஜெர்சியும் ஒன்றுதான், இந்த ஒரு இடத்தில் செந்தில் தம்பி சொன்னது சரி. ஹேட் போட்ட வரிதான் உங்களை ரொம்பச் சிக்கலில் மாட்டிவிட்டிருக்கு. "ஐ ஹேட் பிரஸ்ட்" என்றால் இன்னொரு காரியத்துக்கு முன்னாடியே அழுத்திவிட்டேன் என்று ஆகும். அப்படியானால் அவர் விழுவதற்கு முன்னாலேயே எதற்குப் பெல் அடித்தாய் என்று கேட்பாங்க. நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனால் ஹேட் தேவையே படாது. உள்ளே போனேன், பார்த்தேன், பெல் அடித்தேன். வென்ட், ஃபவுண்ட், பிரஸ்ட். மூன்று வினை, வரிசையாக.

"ஐ ஆம் செக்கிங் எவ்ரி ஹவர்" என்பதற்குப் பதிலாக, கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீங்களோ அதை எழுதுங்க. 2 மணிக்குப் பார்த்திருந்தால் "ஐ செக்ட் ஹிம் அட் 2 ஓ கிளாக். ஹி வாஸ் ஸ்லீப்பிங்." செக் பண்ணினது ஒரு காரியம், அதனால் செக்ட். தூங்கிக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் தொடர்ந்து நடந்தது, அதனால் வாஸ் ஸ்லீப்பிங். உண்மையில் பார்த்திருந்தால் மட்டும் எழுதுங்க, டென்ஸைத் திருத்துகிறேன் என்று நடந்ததைத் திருத்தக்கூடாது.

கடைசி வரி, "ஹி வில் கெட் அப்". நாம "ராத்திரியில் எழுந்திருப்பார்" என்று பழக்கத்தைச் சொல்வோம், இங்கிலீஷில் வில் போட்டால் இனிமேல் நடக்கப்போவது மாதிரி ஆகிவிடும். "ஹி ஆஃபன் கெட்ஸ் அப் அட் நைட்" என்று மாற்றுங்க.

பழைய தாளைக் கிழித்துப் போடாதீங்க, திரும்ப வாங்கவும் வேண்டாம். புதுசாக எழுதி, முதல் தாளில் இருந்த மொழிப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன் என்று மேலே ஒரு வரி, இன்றைய தேதி, கையெழுத்து. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. வேற யாராவது எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடாதீங்க.

குரோய்டன்காரன்:
அக்கா சொன்னது சரி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. நாளைக்கு வெறும் விசாரணை மீட்டிங் என்றால் கூட ஒருவரை அழைத்துப்போக சட்ட உரிமை கிடையாது, ஆனாலும் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விடுவார்கள். ஒழுங்கு நடவடிக்கை மீட்டிங் என்றால் உரிமையே உண்டு. சந்தேகம் இருந்தால் வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் ஹெல்ப்லைனைக் கூப்பிடுங்கள், ஆலோசனை இலவசம்தான்.

பர்மிங்ஹாம் நர்ஸக்கா:
இன்னொன்று. பல இல்லங்களில் பெல் அழுத்தின நேரம் சிஸ்டத்தில் பதிவாகும். அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

புதுசா வந்தவள்:
அக்கா, கேட்டுவிட்டேன். நைட் சீனியர் பார்த்துச் சொன்னார், பெல் 2.41-க்கு அடித்ததாகப் பதிவாகியிருக்கிறதாம். அதையும் சேர்த்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "ஐ செக்ட் ஹிம் அட் 2 ஓ கிளாக். ஹி வாஸ் ஸ்லீப்பிங். ஐ வென்ட் டு ஹிஸ் ரூம் அகெய்ன் அட் 2.40 அண்ட் ஃபவுண்ட் ஹிம் ஆன் த ஃப்ளோர். ஐ பிரஸ்ட் த எமர்ஜென்சி பெல் அட் 2.41." சரியா?

பர்மிங்ஹாம் நர்ஸக்கா:
சரியா இருக்கு. ஆஃபன் கெட்ஸ் அப் வரியையும் கீழே சேர்த்துவிடுங்க. இப்போ போய்த் தூங்குங்க, மீட்டிங் முடிந்ததும் இங்கே வந்து சொல்லுங்க.